கூப்பிட்டால் இறங்கும் திரை

ரஞ்சிதத்துக்குத் திமிர் அதிகம் என்று திருத்தணியில் சொல்லாத ஆள் கிடையாது. நானும் சொல்லியிருக்கிறேன், அவள் முகத்துக்கு நேராகவே. "ஆங், இருக்குது. அது இல்லாம போயிருந்தா இந்நேரம் எங்கண்ணன் ஊட்டுல தார் சுத்திகினு இருந்திருப்பேன்" என்பாள். தார் சுற்றுவது என்றால் நெசவுக்கு வேண்டிய நூலைச் சின்னக் குழல்களில் சுற்றித் தருவது. பொதட்டூர்பேட்டையில் வீட்டுக்கு வீடு பெண்கள் செய்யும் வேலைதான். அந்த வேலையை அவள் மட்டமாக நினைத்ததே இல்லை. அதோடு தன் கதையை முடித்துவிடப் பார்த்தார்களே, அதைத்தான் அவளால் பொறுக்க முடியவில்லை.

அப்போது மலையடிவாரத்தில் எங்கள் கல்லூரி இருந்தது. கல்லூரி என்றதும் பெரிதாக எதையும் நினைத்துக்கொள்ள வேண்டாம். தமிழும் தெலுங்கும் படித்து வித்வான் பரீட்சை எழுதுகிறவர்களுக்கான இடம். சில ஓட்டுக் கட்டடங்கள், ஒரு விடுதி, நீளமான ஒரு கீற்றுக் கொட்டகை. மணவாளனாகிய நான் அங்கே குமாஸ்தா. அந்தக் கொட்டகையில்தான் ரஞ்சிதம் கோடைதோறும் பிள்ளைகளுக்குப் பாட்டு நாடகம் சொல்லிக்கொடுத்து, கடைசியில் ஊரைக் கூட்டி மேடையேற்றினாள். யுத்த காலத்தில் ஆரம்பித்தது, சுதந்திரம் வந்த பிறகும் நடந்தது. இன்றைக்கு மைக் பிடிக்கிறவர்கள் எல்லாம் அதைக் கல்லூரிக் கமிட்டி தொடங்கிய நல்ல காரியம் என்கிறார்கள். கேட்டால் பற்றிக்கொண்டு வருகிறது. கமிட்டி அதை முதல் கோடையிலேயே ஊத்தி மூடப் பார்த்தது. ரஞ்சிதம் விடவில்லை, அவ்வளவுதான்.

நாற்பத்திரண்டு சித்திரையில், ஜப்பான்காரன் குண்டு போடப்போகிறான் என்று பாதி மதராஸ் காலியானது. ரயிலில் தொங்கிக்கொண்டு வந்தவர்களில் ஒரு கூட்டம் எங்கள் ஊரில் இறங்கியது. சத்திரங்கள் நிரம்பி வழிந்ததால், விடுமுறையில் பூட்டிக் கிடந்த விடுதியையும் வகுப்பறைகளையும் குடும்பங்களுக்குத் திறந்துவிட்டோம். பெரியவர்கள் பேப்பரைப் பிரித்து வைத்துக்கொண்டு கவலைப்பட்டார்கள். பிள்ளைகளுக்கு என்ன கவலை. ஓட்டின் மேல் ஏறினார்கள், கிணற்றில் கல்லைப் போட்டார்கள், நூலகத்துக் கண்ணாடியை உடைத்தார்கள். எங்கள் பிரின்சிபால் அதட்டத் தெரியாத மனிதர். பிள்ளைகளைக் கண்டால் அவர்தான் வழிமாறிப் போவார்.

ரஞ்சிதமும் அந்தச் சமயத்தில்தான் மதராஸிலிருந்து வந்தாள். முப்பத்தைந்து வயதிருக்கும். நாடகக் கம்பெனியில் இருந்தவள், ஆனால் நடிகை இல்லை. பாட வராத நாயகிகளுக்காகப் பக்கத் தட்டியின் மறைவில் நின்று பாடுகிறவள். நாயகி வாயை அசைப்பாள், கைதட்டல் நாயகிக்கு. யுத்தத்தில் கம்பெனி கலைந்து போனதும் பொதட்டூர்பேட்டைக்கு, அண்ணன் வீட்டுக்குத் திரும்பினாள். அண்ணன் நல்லவர்தான். சோறு போட்டார், தார் சுற்றும் ராட்டையையும் எடுத்து முன்னால் வைத்தார். கொஞ்ச நாள் சுற்றினாள். பிறகு ஒரு காலை, கரியடுப்பில் ஓடிய அந்தக் காலத்துப் பஸ்ஸில் ஏறி, முகமெல்லாம் கரிப்புகையோடு எங்கள் ஆபீஸ் வாசலில் வந்து நின்றாள்.

கொட்டகையையும் இந்தப் பிள்ளைகளையும் கோடை முடியும்வரை என்னிடம் விடுங்கள், ஒரு நாடகம் போட்டுக் காட்டுகிறேன், விடுதிச் சாப்பாடு போதும் என்றாள். பிரின்சிபால் என்ன படித்திருக்கிறாய் என்று கேட்டார். படிக்கவில்லை, பாடுவேன் என்றாள். அவர் யோசிக்க ஆரம்பித்தார். அவர் யோசித்தால் வெள்ளிக்கிழமையில் ஆரம்பித்தது அடுத்த வெள்ளி வரை போகும். நல்லவேளையாக அப்போது கூரை மேல் ஒரு கல் விழுந்து ஓடு உடைந்தது. இன்றைக்கே ஆரம்பி அம்மா என்று சொல்லிவிட்டார்.

மதராஸ் பிள்ளைகள் மட்டும் போதாது என்று, ஊர்ப் பிள்ளைகளையும் நெசவுக்காரத் தெருப் பிள்ளைகளையும் அவளே போய்க் கூட்டி வந்தாள். பாதிப் பேர் வீட்டில் தெலுங்கு பேசுகிறவர்கள், மீதிப் பேர் தமிழ். காலையில் வெயில் ஏறுவதற்கு முன்னால் கொட்டகையின் இந்தக் கோடியில் ஒருவரையும் அந்தக் கோடியில் ஒருவரையும் நிறுத்திப் பாடச் சொல்வாள். அந்தக் கோடியில் வார்த்தை புரிந்தால்தான் சோறு. மதராஸில் கான்வென்டில் படித்த பையன்கள் எல்லாம் ஒரு வாரத்தில் தொண்டை கட்டிக்கொண்டு திரிந்தார்கள். தாளத்துக்கு அவள் ஜதி எதுவும் சொல்லித்தரவில்லை. தறி மிதிக்கிற வீட்டுப் பிள்ளை ஒன்றையும் மதராஸ் பிள்ளை ஒன்றையும் ஜோடி சேர்த்து, "இது காலைப் பாத்து நீ காலை வையி" என்று விட்டுவிட்டாள்.

ஆர்மோனியம் வாசிக்க மெஹபூப் பாஷா வந்தார். அரக்கோணம் ரோட்டில் லாரி ரிப்பேர் செய்கிறவர். பெட்ரோலுக்குத் தட்டுப்பாடு வந்து பாதி லாரி நின்றுபோனதால் கையில் நேரம் இருந்தது. நாடகக் கம்பெனிகள் ஊருக்கு வந்தபோது ஆர்மோனியப் பெட்டி பழுதுபார்க்கப் போய், வாசிக்கவும் கற்றுக்கொண்டவர். வெள்ளிக்கிழமை மத்தியானம் தொழுகைக்குப் போய்விடுவார், அன்றைக்கு வெறும் தாளத்தோடு பாட்டு. கறுத்த கிரீஸ் ஒட்டிய விரலால் அவர் கட்டையைத் தொடுவதைப் பார்த்து மதராஸ் வக்கீல் ஒருவர் முகம் சுளித்தார். அந்த வக்கீலை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், பிறகு வருவார்.

நாடகமும் அவள் கட்டியதுதான். ஒரு ராஜா தன் தோட்டத்துக்காக ஏரி மடையை அடைத்துவிடுகிறான். கீழே எட்டு ஊர் காய்கிறது. ராணி செங்கமலம் ராஜாவை எதிர்த்துப் போய் மடையைத் திறக்கிறாள். கதை அவ்வளவுதான். ராஜா வேஷம் வக்கீலின் மகன் ஆனந்தனுக்கு. ராணி வேஷம் அம்சா என்ற பெண்ணுக்கு. அம்சா அம்மையார்குப்பத்து நெசவுக்காரர் மகள், பதின்மூன்று பதினாலு வயது, கோடைக்கு மாமன் வீட்டுக்கு வந்திருந்தாள். ஒல்லியான பெண். அவள் பாடினால் கொட்டகையின் அந்தக் கோடி என்ன, ரயிலடியிலேயே கேட்கும் என்று பாஷா சொல்வார்.

அம்சாவைத் தேர்ந்தெடுத்த மறுநாளே ரஞ்சிதம் அம்மையார்குப்பம் போய் அவள் அம்மாவிடம், உன் மகள் நாலு பேர் முன்னால் நின்று பாடப்போகிறாள், பிற்பாடு தெரியாது என்று சொல்லக்கூடாது என்றிருக்கிறாள். அந்த அம்மா தறிக்குழியை விட்டு எழுந்திருக்காமலே, "இங்க பாடறத தெனம் கேக்கறேன். அங்க பாடறத பாக்கணும். எனக்கும் ஒரு எடம் போடு" என்றாளாம். இதைச் சொல்லிச் சொல்லி ரஞ்சிதம் சந்தோஷப்பட்டாள்.

இனி வழக்கம் ஒன்றைச் சொல்ல வேண்டும். எங்கள் பக்கத்துக் கூத்தில் வேஷம் எடுத்த எடுப்பில் சபைக்கு வந்து நிற்காது. இரண்டு பேர் ஒரு துணியைக் குறுக்கே விரித்துப் பிடிப்பார்கள். வேஷக்காரர் அதன் பின்னால் நின்று, நான் இன்னார் என்று பாடுவார். அதுதான் திரைப்பாட்டு. எங்கள் கமிட்டித் தலைவர் கஜபதியின் ஊரில் இதற்கு மேலும் ஒன்று உண்டு. திரைப்பாட்டு முடிந்ததும் முன்வரிசையில் இருக்கும் ஊர்ப்பெரியவர், ராஜாவானால் "வாங்க ராஜா" என்றும், ராணியானால் "வா தாயி, சபைக்கு வா" என்றும் கூப்பிட வேண்டும். கூப்பிட்டால்தான் திரை இறங்கும். பாடிவிட்ட வேஷத்தைக் கூப்பிடாமல் நிறுத்திவைப்பது ஊருக்கு ஆகாது என்று நம்பிக்கை. கஜபதியின் தகப்பனார் காலமான பிறகு கூப்பிடும் உரிமை அவருக்கு வந்தது. ஆர்.கே.பேட்டைப் பக்கத்தில் நஞ்சையும் புஞ்சையுமாக நிலம் உள்ளவர், கல்லூரி இருந்த இடமே அவர் குடும்பம் கொடுத்தது. ஆனால் அவருக்கு எது பெருமை என்று கேட்டால், திருவிழாக் கூத்தில் கூப்பிடுகிறவன் நான் என்றுதான் சொல்வார்.

ரஞ்சிதத்தின் தகப்பன் சின்னசாமி அந்தத் திருவிழாவில் வருஷா வருஷம் ராணி வேஷம் கட்டியவர். பகலில் நெசவு, கூத்துக் காலத்தில் பெண் வேஷம். பெண்களைக் கூத்தில் சேர்க்கிற பேச்சே இல்லை. சின்னசாமிக்கு ஒரு வருஷம் தொண்டையில் கட்டி வந்து குரல் போய்விட்டது. வேஷத்தை விட்டால் அடுத்த வருஷம் வேறு ஆள் வந்துவிடுவான். அதனால் பன்னிரண்டு வயது மகளை, தலையில் துண்டைக் கட்டிப் பையன் மாதிரிப் பின்பாட்டுக்காரர்களுக்கு நடுவில் உட்காரவைத்தார். திரை பிடித்ததும் அவள் எழுந்து தகப்பனுக்குப் பின்னால் நின்று பாடுவாள். கஜபதி "வா தாயி" என்று கூப்பிடுவார். திரை இறங்க ஆரம்பித்ததும் அவள் குனிந்து, தரையோடு தரையாக நழுவிப் பின்பாட்டுக்குள் போய்விட வேண்டும். சபை பார்க்கும்போது அங்கே சின்னசாமி மட்டும் வாயசைத்துக்கொண்டு நிற்பார். இப்படி ஒரு வருஷம் இல்லை, அவர் சாகும்வரை பல வருஷம். பிறகு மதராஸ் கம்பெனியிலும் அதே வேலைதானே. ஒரு மத்தியானம் புளியமரத்தடியில் பாஷாவிடமும் என்னிடமும் இதைச் சொன்னாள். "பாய், எனக்கு இடுப்பு இன்னமும் தானா குனியுது" என்று சொல்லிச் சிரித்தாள். எங்கள் இரண்டு பேருக்கும் சிரிப்பு வரவில்லை.

நாடகத்துக்கு நாள் குறித்த பிறகு வக்கீல் வேலையைக் காட்டினார். கல்வி நடக்கிற இடத்தில் வயது வந்த பெண் மேடையேறுவதா, இது கல்லூரியா நாடகக் கொட்டகையா என்று கமிட்டிக்குப் போய்ப் பேசினார். தன் மகன் ராஜா வேஷம் கட்டுவதில் அவருக்கு ஒரு குறையும் தெரியவில்லை. கிரீடத்தை மட்டும் கொஞ்சம் பெரிதாகச் செய்யச் சொன்னார். கமிட்டி கூடி, பெண் பிள்ளைகள் சபை முன் வரக்கூடாது, பெண் வேஷங்களைப் பையன்கள் கட்ட வேண்டும் என்று முடிவெடுத்தது. மீறினால் கொட்டகையைப் பூட்டிவிடுவது, அதற்கப்புறம் எந்தக் கோடையும் கிடையாது. அதை வாசித்துக் காட்டும் பாக்கியம் எனக்கு. வாசித்தபோது ரஞ்சிதம் நின்றுகொண்டிருந்தாள், உட்காரச் சொல்ல ஒருவருக்கும் தோன்றவில்லை.

கஜபதி கெட்டவர் இல்லை. அவள் முகம் போன போக்கைப் பார்த்து அவருக்கே சங்கடமாகிவிட்டது. சமாதானமாகப் பேசினார்.

"நாங்க இன்னா பாடவே கூடாதுன்னா சொல்றோம்? பொண்ணு உள்ள நின்னு பாடட்டும், பையன் வேஷத்தோட வெளிய வரட்டும். உங்க நைனா கூத்து ஆடின வம்சம், உனக்குத் தெரியாததா? அவர் திரைக்குள்ள பாடினது இன்னிக்கும் என் காதுல கீது. அந்தக் குரல் இனிமே எவனுக்கு வரும்?"

 அந்தக் குரல் அவருக்கு எதிரே, கைக்கெட்டும் தூரத்தில் நிற்கிறது. சொல்லிவிடு என்று மனசுக்குள் கத்தினேன். ரஞ்சிதம் முந்தானை நுனியை முறுக்கிக்கொண்டு தரையைப் பார்த்தாள். பிறகு, அப்படியானால் கூத்து மாதிரியே கைத்திரை பிடித்துக்கொள்ளலாமா என்று மட்டும் கேட்டாள். தாராளமாக என்றார். ஐயாவே முன்வரிசையில் உட்கார்ந்து வேஷங்களைக் கூப்பிட வேண்டும் என்றாள். அவர் முகம் மலர்ந்துவிட்டது. கூப்பிடறேன், உங்க நைனாவைக் கூப்பிட்ட வாய்தானே என்றார்.

வெளியே வந்ததும் எனக்கு ஆத்திரம் தாங்கவில்லை. இத்தனை சுலபத்தில் பணிந்துபோவாய் என்று நினைக்கவில்லை, குரல் யாருடையது என்றாவது சொல்லியிருக்கலாமே என்று சத்தம் போட்டேன்.

"சொல்லி நம்பவைக்கணுமா, சார்? நான் இன்னா கச்சேரியில கேஸா போட்டுக்கீறேன்?" என்றாள். "நான் ஒண்ணுத்துக்கும் பணியல. அம்சாதான் ராணி. அவதான் பாடுவா, அவதான் வருவா. அவரே கூப்பிடுவாரு."

எப்படிக் கூப்பிடுவார் என்று கேட்டேன். ஐம்பது வருஷம் கூத்துப் பார்த்தவர், பாட்டு முடிந்ததும் வாய் தானாக வரும், இவர்களை எனக்குத் தெரியாதா என்றாள். வரவில்லை என்றால் என்று கேட்டேன்.  அவள் கொட்டகைக்குப் போய், பொதட்டூர்பேட்டையிலிருந்து அண்ணன் கொடுத்தனுப்பிய சிவப்புத் துணியை விரித்துத் திரைக்கு ஓரம் தைக்க உட்கார்ந்துவிட்டாள். ராணி வேஷத்துக்கு எந்தப் பையன் என்று பிரின்சிபால் இரண்டு தடவை கேட்டனுப்பினார். ஆள் இருக்கிறது என்று இரண்டு தடவையும் நான்தான் போய்ச் சொன்னேன். அது பொய் இல்லை. ஆள் இருந்ததே.

யுத்தம் என்பதால் ராத்திரி விளக்குப் போடத் தடை. கூத்து என்றால் விடிய விடிய நடப்பது, இதைச் சாயங்கால வெயிலில் போட வேண்டியதாயிற்று. கொட்டகை முன்னால் மண்மேடு போட்டு மேடை. விடுதிக் குடும்பங்கள் நாற்காலியிலும் ஜமக்காளத்திலும், நெசவுக்காரத் தெருவும் பக்கத்துக் கிராமங்களும் வெறுந்தரையில். அம்சாவின் அம்மா, சொன்னபடி, முன்னாலேயே இடம் பிடித்து உட்கார்ந்திருந்தாள். நடுவில் கஜபதி, சரிகைத் துண்டோடு. அவருக்குப் பக்கத்தில் வக்கீல்.

திரையின் ஒரு முனையை நான் பிடித்தேன், மறு முனையைத் தோட்டக்கார வேணு பிடித்தான். ராஜா பாடினான். கஜபதி கணீரென்று "வாங்க ராஜா" என்றார். திரையை இறக்கினோம். வக்கீல் மகன் கிரீடத்தைக் கையால் பிடித்துக்கொண்டு வந்தான், ஜனங்கள் சிரித்தார்கள். மந்திரியைக் கூப்பிட்டார், வந்தான். காவல்காரர்களைக்கூடக் கூப்பிட்டார். அவருக்கு அன்றைக்கு இருந்த சந்தோஷம் திருவிழாவிலும் இருந்திராது.

பிறகு ராணியின் முறை. சிவப்புத் திரையை விரித்ததும் அம்சா வந்து பின்னால் நின்றாள். புடவை, ஒட்டியாணம், காகிதக் கிரீடம், காலில் கொலுசு. என் வேலை போகப்போகிறது என்று அப்போதுதான் எனக்கு நிச்சயமாகத் தெரிந்தது. துணியை விட்டுவிட்டு ஓடலாமா என்றுகூட ஒரு கணம் தோன்றியது. விடவில்லை. பாஷா பெட்டியில் சுருதி கொடுத்தார், அவள் எடுத்தாள்.

"ஏரிக்கரை மேலே எட்டு ஊரு பாக்க
மடைதொறக்க வாரேன், செங்கமலம் வாரேன்
தடுக்க வந்த பேரைத் தாண்டியும் வாரேன்."

மூன்றாவது அடியில் தரையில் இருந்த கூட்டம் அப்படியே நிமிர்ந்து உட்கார்ந்தது. பாட்டு முடிந்தது. கஜபதியின் வாய் திறந்தது. திறந்த வாய் அப்படியே நின்றது. கைத்திரை முழங்காலுக்குக் கீழே தொங்காது, ராத்திரிக் கூத்தில் அது ஒன்றும் தெரியாது. இங்கே வெயில் பளிச்சென்று அடித்தது. திரைக்குக் கீழே கொலுசு போட்ட பெண் கால் மட்டும்தான் இருந்தது, பையன் கால் எதுவும் இல்லை என்பதை அவர் பார்த்துவிட்டார். வாயை மூடிக்கொண்டு துண்டைச் சரிசெய்தார்.

ஓரத்தில் நின்ற ரஞ்சிதத்தைப் பார்த்தேன். இன்னொரு தரம் என்று கையைக் காட்டினாள். அம்சா மறுபடி பாடினாள். கஜபதி எங்கேயோ மலையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.  கூப்பிட வேண்டியவர் கூப்பிடவில்லை என்பது தரையில் இருந்த ஒவ்வொருவருக்கும் தெரியும். நாற்காலியில் இருந்தவர்களுக்குத்தான் ஒன்றும் புரியவில்லை. வக்கீல் குனிந்து அவர் காதில், அடுத்த காட்சிக்குப் போகச் சொல்லுங்கள் என்றார். கஜபதி கையை உயர்த்தி அவரைப் பேசாமல் இருக்கச் செய்தார். பாட்டு நடக்கும்போது பேசுகிறவரை அவருக்குப் பிடிக்காது.

நான் மெதுவாக, இறக்கிவிடட்டுமா என்று ரஞ்சிதத்தைக் கேட்டேன்.

"கூடாது, சார். கூப்பிடாம எறக்கினா திருட்டுத்தனமா வந்த மாதிரி ஆயிடும். அதுக்கா இவ்ளோ?" என்றாள்.

மூன்றாம் தரம் அம்சா பாதியில் தடுமாறினாள். சின்னப் பெண்தானே. முதல் அடி வந்தது, இரண்டாவது அடியில் குரல் உடைந்து வெறும் காற்று வந்தது. திரைக்கு வெளியே அவள் அம்மா எழுந்து நின்றுவிட்டதைப் பார்த்தேன். பாஷா என்ன செய்வதென்று தெரியாமல் அதே இடத்தைத் திரும்பத் திரும்ப வாசித்தார். அவ்வளவுதான், முடிந்தது, கொட்டகையைப் பூட்டிவிடுவார்கள், அடுத்த கோடை என்று ஒன்று கிடையாது, ரஞ்சிதம் ராட்டைக்குத் திரும்பிப் போக வேண்டியதுதான் என்று நினைத்தேன். எனக்கு அழுகை வந்துவிட்டது.

அப்போது ரஞ்சிதம் திரைக்குள் வந்தாள். பழைய நூல் புடவை, வியர்த்த முகம், ஒப்பனை ஒன்றும் இல்லை. அம்சாவின் தோளில் கையைப் போட்டுக்கொண்டு, விட்ட இடத்திலிருந்து எடுத்தாள். இத்தனை நாள் அவள் பிள்ளைகளுக்குச் சொல்லித்தரும்போது ஓரடி ஈரடி பாடிக் கேட்டிருக்கிறேன். முழுக் குரலில் பாடி நான் கேட்டதில்லை. பெரிய குரல், கொஞ்சம் கரகரப்பு, ஆனால் வார்த்தை ஒவ்வொன்றும் தெளிவாக விழுந்தது. செங்கமலம் வாரேன் என்றாள். தாண்டியும் வாரேன் என்றாள். 

திரையின் மேல் விளிம்புக்கு மேலாகக் கஜபதியைப் பார்த்தேன். மலையைப் பார்த்துக்கொண்டிருந்தவர் சடக்கென்று திரும்பினார். முகத்திலிருந்து கமிட்டித் தலைவர் என்பதெல்லாம் போய்விட்டது. தகப்பனார் பக்கத்தில் உட்கார்ந்து கூத்துப் பார்த்த பையன் முகம் எப்படி இருந்திருக்குமோ அப்படி இருந்தது. பாட்டு இன்னும் முடியவில்லை. கடைசி அடி பாக்கி இருந்தது. அதற்குள் அவர் இரண்டு கையையும் நீட்டிவிட்டார்.

"வா தாயி. சபைக்கு வா."

பழக்கத்தில் வாய் தவறி வந்தது என்று வக்கீல் பிற்பாடு சொல்லிக்கொண்டு திரிந்தார். இருக்கலாம். அந்தக் குரலுக்காகக் கூப்பிட்டார் என்று நான் சொல்வேன். எதுவானால் என்ன, கூப்பிட்டவர் அவர். நானும் வேணுவும் திரையை இறக்கினோம்.

இறங்கும்போது நான் ரஞ்சிதத்தைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். அவள் இடுப்பு குனிந்தது. பன்னிரண்டு வயதில் பழகிய இடுப்பு, அது தானாகவே குனிந்தது. பாதி குனிந்தவள் நின்றாள். பிறகு நிமிர்ந்துவிட்டாள். திரை தரையில் கிடந்தது. கிரீடம் வைத்த சின்ன ராணியும் அவள் தோளைப் பிடித்தபடி ரஞ்சிதமும் அத்தனை ஜனத்துக்கும் முன்னால், முழு வெயிலில் நின்றார்கள். கடைசி அடியை ரஞ்சிதம் சபையைப் பார்த்துப் பாடி முடித்தாள். தரையில் இருந்தவர்கள் எழுந்து நின்றார்கள். அம்சாவின் அம்மா வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள்.

கஜபதி எழுந்து மேடைக்குக் கிட்டே போனார். நிறுத்தத்தான் போகிறார் என்று நினைத்து வக்கீலும் கூடவே எழுந்தார். கஜபதி அம்சாவைப் பார்க்கவே இல்லை.

"அப்போ சின்னசாமிக்குப் பாடினது?"

"நான்தான்."

"எல்லா வருஷமுமா?"

"ஆங். எல்லா வருஷமும் கூப்பிட்டீங்க. எல்லா வருஷமும் குனிஞ்சுகினு ஓடினேன்." குரல் கொஞ்சம்கூட இறங்கவில்லை, கடைசி வரிசைக்கும் கேட்டது. "இன்னிக்கு வந்துட்டேங்க. கொட்டாயைப் பூட்டறதுன்னா பூட்டிக்குங்க. இவ மடையைத் தொறந்த பொறவு பூட்டுங்க."

 அவர் வக்கீலிடம் திரும்பி, உக்காருங்க, மறைக்குது என்றார். தானும் போய் உட்கார்ந்துகொண்டார்.

ரஞ்சிதம் அம்சாவின் முதுகில் தட்டி, "போ, இனிமே உன் பாடு" என்றாள். பாஷா மறுபடி வாசிக்க ஆரம்பித்தார். அம்சா தொண்டையைக் கனைத்துக்கொண்டு மடையை நோக்கி நடந்தாள். ரஞ்சிதம் மேடையின் முன்பக்கமாகவே ஓரத்துக்குப் போனாள், நிமிர்ந்தபடி, அவசரமே இல்லாமல்.